ஆன் ஹாதவே காட்டேஜ்: போய்ப் பார்க்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்துக்கு வரும் நம்மவர்களில் பலர் ஸ்ட்ராட்ஃபர்ட் அபான் ஏவன் ஊருக்கு ஒரு நடை போய்விட்டுத்தான் திரும்புகிறார்கள். ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைப் பார்த்த கையோடு, அவர் மனைவி ஆன் ஹாதவேயின் தாய்வீட்டையும் பார்க்கிறார்கள். வைக்கோல் கூரையும் கோணல்மாணலான மரச்சட்டங்களும் கொண்ட அந்த வீட்டின் முன் நின்று படம் எடுத்து அனுப்புகிறார்கள், கூடவே கேள்விகளையும். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்து, பதில்களைத் தொகுத்திருக்கிறேன்.

இது எந்த ஊர்ல இருக்கு? இப்போ யார் கையில இருக்கு?

வாரிக்‌ஷர் மாவட்டத்தில், ஸ்ட்ராட்ஃபர்டிலிருந்து மேற்கே ஒரு மைல் தொலைவில், ஷாட்டரி என்ற இடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது தனிக் கிராமம். இன்று ஊரோடு ஒட்டிவிட்டது. நடந்தே போகலாம்.

ஹாதவே குடும்பம் 1543 முதல் இங்கே குத்தகைக்காரர்களாகப் பதிவாகியிருக்கிறது. 1610இல் ஆனின் சகோதரர் பார்த்தலோமியூ நிலத்தையும் வீட்டையும் சொந்தமாக வாங்கினார். 19ஆம் நூற்றாண்டில் பணமுடை வந்து சொத்து கைமாறியது, ஆனாலும் குடும்பத்தார் வாடகைக்கு அங்கேயே தங்கினார்கள். 1892இல் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை வாங்கியபோதும் அந்த வழியில் வந்த மேரி பேக்கர் என்ற மூதாட்டி உள்ளேதான் இருந்தார். வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டும் வேலையை அறக்கட்டளை அவரிடமே விட்டது.

பன்னிரண்டு அறை இருக்கு. இதையா காட்டேஜ்னு சொல்றாங்க?

காட்டேஜ் என்றால் சிறிய கிராமத்து வீடு. ஆனால் இது ஏழை வீடு இல்லை. ஹாதவேக்கள் சொந்தக் காலில் நின்ற உழவர்கள். இங்கிலாந்தில் யோமன் என்று சொல்வார்களே, அந்தத் தட்டு: பெருநிலக்காரருக்குக் கீழே, கூலிக்காரருக்கு வெகு மேலே. ஐம்பதிலிருந்து தொண்ணூறு ஏக்கர் வரை உழுதார்கள், ஆடு மேய்க்கத் தனி ஆள் வைத்திருந்தார்கள். அப்போது இந்தப் பண்ணைக்கு ஹியூலாண்ட்ஸ் என்று பெயர். ஷேக்ஸ்பியர் புகழ் ஏறி, யாத்திரை போல ஆட்கள் வரத் தொடங்கிய பிறகுதான் 'காட்டேஜ்' ஒட்டிக்கொண்டது.

ஷேக்ஸ்பியர் இந்த வீட்டுல வாழ்ந்தாரா?

இல்லை. 1582 நவம்பரில் கல்யாணம் நடந்தபோது மாப்பிள்ளைக்கு 18 வயது, பெண்ணுக்கு 26. அதன்பின் ஹென்லி தெருவில் இருந்த ஷேக்ஸ்பியரின் பெற்றோர் வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள் என்றுதான் பொதுவாகக் கொள்கிறார்கள். கையில் காசு சேர்ந்ததும் 1597இல் நியூ பிளேஸ் என்ற பெரிய வீட்டை ஊருக்குள் வாங்கினார். அந்த வீடு இன்று இல்லை. பிற்காலத்தில் அதன் சொந்தக்காரராக இருந்த பிரான்சிஸ் காஸ்ட்ரெல் என்ற பாதிரியார் 1759இல் இடித்துத் தள்ளிவிட்டார். ஷேக்ஸ்பியர் சம்பாதித்து வாங்கியது மண்ணோடு போக, மாமனார் வீடு தப்பித்திருக்கிறது.

பெண் பார்க்க இங்கே வந்திருப்பார்தானே என்று கேட்டால், வந்திருக்கலாம். அதற்குமேல் யாராவது விவரமாகச் சொன்னால் அது கதை.

ஆன் இந்த வீட்டுப் பொண்ணுதான்னு எப்படி உறுதியா சொல்றாங்க?

நல்ல சந்தேகம். அவருடைய பிறப்புப் பதிவு கிடையாது. ஸ்ட்ராட்ஃபர்ட் தேவாலயப் பதிவேடே 1558இல்தான் தொடங்குகிறது. 1623 ஆகஸ்டில் இறந்தபோது வயது 67 என்று கல்லறையில் இருப்பதை வைத்து 1556 வாக்கில் பிறந்தவர் என்கிறார்கள்.

வீட்டோடு அவரை இணைப்பவை உயில்கள். இந்தப் பண்ணையில் இருந்து 1581இல் காலமான ரிச்சர்ட் ஹாதவே தன் உயிலில் ஆக்னெஸ் என்ற மகளுக்கு, அவள் கல்யாண நாளில் கொடுக்கும்படி 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ் எழுதி வைத்தார். ஆக்னெஸ், ஆன் இரண்டும் அன்று ஒரே பெயர் போலப் புழங்கின. மறு வருடம் ஷேக்ஸ்பியர் கல்யாணத்துக்கு 40 பவுண்டு பிணைப் பத்திரம் கொடுத்தவர்கள் ஃபுல்க் சாண்டெல்ஸ், ஜான் ரிச்சர்ட்சன் என்ற இரண்டு ஷாட்டரி உழவர்கள். இதில் சாண்டெல்ஸ், ரிச்சர்டின் உயிலை மேற்பார்க்க நியமிக்கப்பட்டவர்.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது இன்னொரு உயில். ஹாதவே குடும்பத்தில் ஆடு மேய்த்த தாமஸ் விட்டிங்டன் 1601இல் இறக்கும்போது, ஷேக்ஸ்பியர் மனைவி ஆனிடம் இருக்கும் தன் 40 ஷில்லிங்கை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். கட்டிக்கொடுத்து சுமார் இருபது வருடம் ஆன பெண்ணிடம் தாய்வீட்டு ஆயர் பணம் கொடுத்து வைத்திருக்கிறார் என்றால், போக்குவரத்து அறுந்துபோகவில்லை என்றுதானே அர்த்தம்?

சரி, வீடு எப்போ கட்டினது? ஒரே வருஷமா சொல்லுங்க.

ஒரே வருடமாகச் சொல்லத்தான் முடியாது. மிகப் பழைய பகுதிக்கு 1463 என்று அறக்கட்டளை சொல்கிறது. அதாவது, ஷேக்ஸ்பியர் பிறப்பதற்கு நூறு வருடம் முன்பு. தோட்டத்தில் நின்று கூரையைக் கவனியுங்கள், ஒரே உயரத்தில் ஓடாது. தாழ்ந்த பகுதி பழையது. உயர்ந்த பகுதி 17ஆம் நூற்றாண்டில், குடும்பம் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்ட பிறகு சேர்த்தது. ஆகவே நாம் படம் எடுக்கிற வீட்டில் ஒரு பெரிய துண்டு, ஆன் கல்யாணமாகிப் போனபின் எழும்பியது. 'இந்த வீடு எவ்வளவு பழசு' என்று கேட்பதைவிட 'இந்தச் சுவர் எவ்வளவு பழசு' என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இப்படிப்பட்ட வீடுகளின் வயதை மரமே சொல்லும். ஓக் மரத்தின் ஆண்டு வளையங்கள் மழை வறட்சிக்கு ஏற்பத் தடித்தும் மெலிந்தும் இருக்கும். தூலத்தில் பென்சில் தடிமனுக்கு ஒரு துண்டைத் துளைத்தெடுத்து, வளையங்களின் வரிசையை ஏற்கெனவே காலம் தெரிந்த வரிசையோடு பொருத்தினால், மரம் வெட்டிய ஆண்டு தெரியும். அன்று ஓக்கைக் காயவைத்துக் காத்திருப்பதில்லை, பச்சையாகவே இழைத்துப் பூட்டினார்கள். அதனால் வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

உள்ளே கீழேயிருந்து மோட்டுவளை வரைக்கும் வளைஞ்சு போற மரம் இருக்கே, அது என்ன?

வீட்டிலேயே முக்கியமான பொருள் அதுதான். க்ரக் என்பார்கள். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த ஓக் மரத்தைத் தேடிப் பிடித்து, நெடுக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். இரண்டு பாதியும் கண்ணாடிப் பிம்பம் போல ஒத்திருக்கும். அவற்றை எதிரும் புதிருமாக நிறுத்தி உச்சியில் சேர்த்தால் ஒரு வளைவு. இப்படி இரண்டு மூன்று சோடிகளைப் பத்துப் பதினைந்து அடி இடைவெளியில் நிறுத்திவிட்டால் எலும்புக்கூடு தயார். கூரையின் பாரம் அந்த வளைந்த கால்கள் வழியே நேராகத் தரைக்கு இறங்கிவிடும். சுவர் எதையும் தாங்க வேண்டியதில்லை. சுவரை இடித்தாலும் கூரை நிற்கும்.

இந்த முறை எல்லா இடத்திலும் இல்லை. மேற்கிலும் வடக்கிலும் மத்தியிலும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட க்ரக் கட்டடங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். கிழக்கு ஆங்கிலியாவிலும் கென்ட்டிலும் அநேகமாக ஒன்றுகூடக் கிடையாது. ஏன் என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். க்ரக்கின் பிரம்மாண்டத்தைப் பார்க்க வேண்டுமானால் ஊஸ்டர்‌ஷரில் லீ கோர்ட் களஞ்சியத்துக்குப் போங்கள். 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பிரிட்டனில் இதைவிடப் பெரிய க்ரக் கட்டடம் இல்லை.

சுவர் நிஜமாவே மண்ணா?

மரச்சட்டங்களுக்கு நடுவில் இருப்பது மூலத்தில் மண்தான். நம் கிராமங்களில் வரிச்சுக் கட்டி மண் அப்பின சுவரைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அதே வேலை. மேல்சட்டத்தில் துளைகளும் கீழ்ச்சட்டத்தில் ஒரு காடியும் வெட்டி, ஓக் குச்சிகளை நிறுத்தி, அவற்றினூடே ஹேசல் என்ற புதர்மரத்தின் வளையும் கொம்புகளைப் பின்னுவார்கள். களிமண், சாணி, நறுக்கிய வைக்கோல் மூன்றையும் மிதித்துக் குழைத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இருவர் நின்று அறைவார்கள். காய்ந்ததும் மேலே சுண்ணாம்பு.

மழை இந்தச் சுவருக்கு எதிரி. அதனால்தான் கீழே கல் அடித்தளம், மேலே நன்றாக முன்னே நீட்டிய இறவாணம். சில கட்டங்களில் செங்கல் தெரியும், அது பின்னால் மண் உதிர்ந்த இடத்தில் அடைத்தது.

ஆணியே இல்லாம நிக்குதுங்கிறாங்க. அந்த மரமெல்லாம் பழைய கப்பலை உடைச்சு எடுத்ததாமே?

முதல் பாதி உண்மை. ஒரு மரத்தில் துளை, அடுத்ததில் கழுந்து, இரண்டையும் சேர்த்து ஓக் முளை அடித்து இறுக்குவார்கள். பச்சை மரம் காயக் காய மூட்டு இன்னும் இறுகும். இந்தக் கோணல்மாணலும் அப்படிக் காய்ந்ததில் வந்ததுதான். சட்டங்களைத் தச்சர் தன் முற்றத்திலேயே படுக்க வைத்துப் பொருத்திப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு ரோமன் எண் போன்ற கீறல்கள் போட்டுப் பிரித்து, வண்டியில் ஏற்றி வந்து நிமிர்த்துவார். உற்றுப் பார்த்தால் அந்தக் கீறல்கள் பல பழைய வீடுகளில் இன்றும் தெரியும்.

கப்பல் கதை இங்கிலாந்தில் ஒவ்வொரு கிராமத்து மதுக்கடையிலும் சொல்வார்கள். தூலத்தில் காரணமில்லாத துளைகள் இருப்பதுதான் கதைக்கு விதை. அவை வேறொரு வீட்டிலிருந்து கழற்றிய மரம் என்பதற்கு அடையாளம். மரம் விலை கூடியது, வீணாக்க மாட்டார்கள். கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் வாரிக்‌ஷருக்கு, பக்கத்தில் ஆர்டன் காட்டுப் பகுதியில் ஓக் நிற்க, உப்பில் ஊறிய கப்பல் பலகையை யார் வண்டி கட்டிக் கொண்டுவருவார்கள்?

மோட்டுவளை ஏன் கன்னங்கரேல்னு இருக்கும்? அடுப்பு எங்கே இருந்தது?

1463இல் இந்த வீட்டுக்குப் புகைபோக்கி கிடையாது, நடுக்கூடத்துக்கு மாடியும் கிடையாது. கூடம் தரையிலிருந்து கூரை வரை திறந்தே இருந்தது. கணப்பு தரையின் நடுவில். புகை மேலேறிக் கூரையில் கசிந்து வெளியேறும். அந்தக் கூடத்தில்தான் சமையல், சாப்பாடு, குடும்பமும் வேலையாட்களும் சேர்ந்து குளிர் காய்வது எல்லாம். இப்படிப்பட்ட வீடுகளில் மேலே உள்ள மரங்களில் படிந்த புகைக்கரி இன்று ஒரு சாட்சி. மரத்தில் கரி இருந்தால், அந்தக் கூடம் ஒருகாலத்தில் திறந்து கிடந்தது என்று அடித்துச் சொல்லலாம்.

மாற்றம் வந்தது 16ஆம் நூற்றாண்டில். சுவரை ஒட்டிச் செங்கல்லிலும் கல்லிலும் புகைபோக்கி எழுந்தது. புகை ஒரு குழாய்க்குள் அடங்கியதும் கூடத்தின் நடுவே தளம் போட்டு மாடி அறை எடுக்க முடிந்தது. எஸ்ஸெக்ஸில் ராட்விண்டர் ஊர்ப் பாதிரியார் வில்லியம் ஹாரிசன் 1577இல் எழுதுகிறார்: தங்கள் காலத்தில் வியக்கும்படி மாறியவை என்று ஊர்க் கிழவர்கள் மூன்றைச் சொல்கிறார்களாம். பெருகிவிட்ட புகைபோக்கிகள், வைக்கோல் பாயும் தலைக்கட்டையும் போய் வந்த மெத்தை, மரத்தட்டு போய் வந்த வெள்ளீயக்கலவைத் தட்டு. 1570க்கும் 1640க்கும் இடையில் நாடெங்கும் உழவர் வீடுகள் இப்படிப் புதுப்பிக்கப்பட்டதை வரலாற்றாசிரியர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1953இல் 'மாபெரும் மறுகட்டுமானம்' என்று அழைத்தார். காலக்கணக்கில் இன்று திருத்தம் சொல்கிறார்கள். ஆனால் ஷாட்டரி வீடு அந்தச் சட்டகத்துக்குள் நன்றாகவே பொருந்துகிறது.

வைக்கோல் கூரை ஒழுகாதா? எத்தனை வருஷம் தாங்கும்?

சரிவு ஒழுங்காக இருந்தால் ஒழுகாது. கிட்டத்தட்ட ஐம்பது பாகை சரிவு வேண்டும். தண்ணீர் தாளிலிருந்து தாளுக்குத் தாவி இறவாணத்தில் சொட்டிவிடும், மேலே ஓர் அங்குலம் தவிர உள்ளே நனைவதில்லை. நார்ஃபோக் சதுப்புகளின் நாணல் என்றால் நாற்பது ஐம்பது வருடம்கூடப் போகும். வைக்கோல் என்றால் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முகட்டை மட்டும் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். நைந்த மேல்பகுதியைச் சீவிவிட்டு, அடியில் உள்ளதை விட்டுவைத்து, அதன்மேலேயே புதிதாக வேய்வது வழக்கம். டெவன் பக்கத்தில் சில வீடுகளில் அடி அடுக்கு, முன்பு சொன்ன திறந்த கணப்பின் புகைபடிந்த இடைக்கால வைக்கோலாகவே இருக்கிறது. அன்று என்னென்ன பயிர், என்னென்ன களை என்று அதை வைத்துப் படிக்கிறார்கள்.

இன்றைய சிக்கல் வைக்கோல் கிடைப்பதில்தான். புதிய கோதுமை ரகங்கள் குட்டை, அறுவடை இயந்திரமோ தாளை நசுக்கிவிடும். கூரைக்கென்றே மேரிஸ் விஜியன் போன்ற நெட்டை ரகத்தை விதைத்து, பழைய கட்டறுப்பு இயந்திரத்தில் அறுக்கிற உழவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்ல வந்துச்சு: கூரையில நாய் பூனை படுத்திருக்கும், மழையில வழுக்கி விழும்னு...

அடைமழையை ஆங்கிலத்தில் 'நாயும் பூனையுமாகப் பெய்கிறது' என்பார்களே, அதற்கு இதுதான் மூலம் என்று, வாட்ஸ்அப்புக்கு முன்பே மின்னஞ்சலில் 1990களின் கடைசியில் சுற்றத் தொடங்கிய புளுகு அது. அதில் ஆன் ஹாதவே பெயரும் வரும், அதனால்தான் இந்த வீட்டோடு சேர்த்துக் கேட்கிறார்கள். மேலே சொன்ன சரிவை நினைத்துப் பாருங்கள். நாய் அதில் ஏறிப் படுக்காது. எலியும் குருவியும் உள்ளே கூடு கட்டும், அதில் பொய் இல்லை. பல கூரைகள்மேல் கம்பிவலை போர்த்தியிருப்பது அதற்குத்தான்.

கதவெல்லாம் குள்ளமா இருக்கு. அந்தக் காலத்து ஆளுங்க குள்ளமா?

அவ்வளவொன்றும் குள்ளமில்லை. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலில் கிடைத்த எலும்புகளை அளந்ததில் சராசரி உயரம் ஏறக்குறைய 170 செ.மீ. வந்தது. நம்மில் பலர் அதற்குக் கீழேதான். கதவு தாழ்ந்திருப்பதற்கு முதல் காரணம் குளிர்: திறப்பு சிறிதானால் காற்று குறையும். இரண்டாவது, திறந்த கூடத்தில் பின்னால் தளம் போட்டபோது இருந்த உயரத்தை இரண்டாகப் பங்கிட வேண்டியிருந்தது. பல நூற்றாண்டுகளில் தரையும் தெருவும் மேடேறியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு மரம், வெள்ளைச் சுவர்: இதுதானே ட்யூடர் ஸ்டைல்?

ட்யூடர் என்பது 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட அரச வம்சம். ஆனால் இந்த அழுத்தமான கறுப்பு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ரசனை. தாரும் கறுப்புச் சாயமும் தாராளமாகக் கிடைத்த காலத்தில் பூசியது. ஓக்கை அப்படியே விட்டால் வெள்ளி கலந்த சாம்பல் நிறமாகும். பல இடங்களில் மரம், மண் என்று பார்க்காமல் மொத்தமாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். கறுப்பு வெள்ளை வீடு அழகாக இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1582இல் ஷாட்டரிக்கு நடந்து வந்த இளைஞன் கண்ட வீடு இன்னும் மங்கலாகத்தான் இருந்திருக்கும்.

ஜன்னல்ல அந்தச் சின்னச் சின்ன வைரக்கட்டம்?

கண்ணாடியைப் பெரிய தகடாகச் செய்யத் தெரியாத காலம், அதனால் சிறு துண்டுகளை ஈயப் பட்டையில் கோத்தார்கள். அதுவும் வசதி வந்த பிறகு. முதலில் மரக்கம்பிகளும் உட்பலகையும்தான், சிலர் எண்ணெய் ஊறிய துணியைக் கட்டுவார்கள். வரி விஷயமும் உண்டு. 1662 முதல் 1689 வரை கணப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் வரி, 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி. பழைய வீடுகளில் அடைத்த ஜன்னலைக் கண்டால் எல்லோரும் வரியைக் காரணம் காட்டுவார்கள். சில சமயம் சரி. பல சமயம் உள்ளே அறையை மாற்றியதால் அடைத்தது.

உள்ளே இருக்கிற கட்டில்தான் ஷேக்ஸ்பியர் உயில்ல எழுதின கட்டிலா?

இல்லை. 1616 உயிலில் மனைவிக்கு அவர் விட்ட 'இரண்டாவது சிறந்த கட்டில்' அவருடைய வீட்டுக் கட்டில். அது என்னவாயிற்று என்பதற்குச் சுவடு இல்லை. இங்கே இருப்பதை ஹாதவே கட்டில் என்பார்கள், நல்ல செதுக்கு வேலை, குடும்பத்தோடு இருந்தது.

கட்டில் பற்றிப் பேசுவதானால் ரிச்சர்டின் உயிலுக்குத் திரும்புங்கள். நடுக்கூடத்துச் சுவர்ப் பலகைகளும் பக்க அறையில் உள்ள இரண்டு தச்சுக் கட்டில்களும், மனைவி ஜோன் உயிரோடு விதவையாக இருக்கும்வரை அசையாமல் அப்படியே இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார். மரச் சாமான் அன்று எவ்வளவு பெரிய சொத்து என்பது தெரிகிறது. இதைப் படித்த பிறகு 'இரண்டாவது கட்டில் கொடுத்து அவமானப்படுத்திவிட்டார்' என்ற வம்பில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது.

'காதல் நாற்காலி' என்று 1790களில் சாமுவேல் அயர்லாந்து என்ற ஓவியர் இந்தக் குடும்பத்திடம் ஒன்றை விலைக்கு வாங்கிப் போனார். வீட்டின் ஆரம்பகாலப் படத்தை அச்சில் கொண்டுவந்ததும் அவர்தான். அவர் மகன் வில்லியம் ஹென்றி, ஷேக்ஸ்பியர் கையெழுத்தில் போலிப் பத்திரங்கள் தயாரித்து லண்டனையே ஏய்த்தவர். நினைவுப்பொருள் விற்பனை அப்போதே களைகட்டியிருந்தது.

தோட்டம் அவ்வளவு அழகா இருக்கே, ஆன் வெச்சதா?

ஆன் காலத்தில் அங்கே மாடு, சாணிக்குவியல், வைக்கோல்போர் என்று பண்ணை முற்றம் இருந்திருக்கும். இன்றைய பூந்தோட்டத்தின் அமைப்பில் 1920களில் எல்லன் வில்மாட் என்ற பெயர்பெற்ற தோட்டக்கலைஞரின் கை இருக்கிறது.

அப்போ நிஜமான ஏழைங்க எப்படிப்பட்ட வீட்டுல இருந்தாங்க?

கேட்க வேண்டிய கேள்வி, அபூர்வமாகத்தான் கேட்கிறார்கள். 1589இல் எலிசபெத் அரசி காலத்தில் ஒரு சட்டம் வந்தது: புதிதாக ஒரு காட்டேஜ் கட்டினால் அதற்கு நான்கு ஏக்கர் நிலம் இருந்தாக வேண்டும், ஒரு குடும்பத்துக்கு மேல் அதில் குடியிருக்கக் கூடாது. நிலமற்றவர்கள் கூடிவிட்டால் ஊர் பிழைப்பூட்ட வேண்டிவரும் என்ற அச்சம். அந்தச் சட்டம் 1775 வரை புத்தகத்தில் இருந்தது. ஆனாலும் பொது நிலத்தின் ஓரங்களில் ஏழைகள் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். மெலிந்த கொம்புகள், மண், ஓர் அறை. அவை ஒன்றிரண்டு தலைமுறைக்கு மேல் நிற்கவில்லை. ஆகவே 16ஆம் நூற்றாண்டின் காட்டேஜ் என்று இன்று நமக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் வசதியானவர் வீடு. இளைத்த மரம் மக்கிப்போனது, பருத்த ஓக் நின்றது.

பின்னால் பணக்காரர்களுக்கே காட்டேஜ் மேல் ஆசை வந்தது. பிரிஸ்டல் அருகே பிளேய்ஸ் ஹாம்லெட்டில், ஜான் ஹார்ஃபோர்ட் என்ற வங்கிக்காரருக்காகக் கட்டடக்கலைஞர் ஜான் நாஷ் 1811 வாக்கில் ஒன்பது காட்டேஜ்களை வரைந்தார். ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஓய்வுபெற்ற வேலைக்காரர்களுக்கான வீடுகள், ஆனால் பார்ப்பவர் கண்ணுக்காகவும் கட்டியவை. தபால் அட்டைகளில் நாம் பார்க்கும் கனவுக் காட்டேஜ் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

இங்கிலாந்து முழுக்க பழைய காட்டேஜ் இப்படித்தானா?

காலடியில் என்ன கிடைத்ததோ அதில் கட்டினார்கள். காட்ஸ்வோல்டில் தேன்நிறச் சுண்ணக்கல், கூரைக்கும் கல் ஓடு. பைபரி ஊரின் ஆர்லிங்டன் ரோ 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காகக் கட்டி, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாகப் பிரித்தது. டெவனில் வைக்கோல் கலந்த மண்ணை அப்படியே தடித்த சுவராக எழுப்புவார்கள், மரச்சட்டமே கிடையாது. நார்ஃபோக்கில் சிக்கிமுக்கிக்கல். ஏரி மாவட்டத்தில் ஸ்லேட். ரயில் வந்து செங்கல்லையும் வேல்ஸ் ஸ்லேட்டையும் எங்கும் இறக்கிய பிறகுதான் ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடு மங்கியது.

1969ல தீப்பிடிச்சதாமே? அப்புறம் எவ்வளவுதான் அசல்?

ஆம், 1969இல் தீவிபத்தில் வீடு நன்றாகவே அடிபட்டது, பிறகு சீர்செய்தார்கள். கூரை வைக்கோலைப் பொறுத்தவரை 'அசல்' என்ற கேள்விக்கே இடமில்லை, அது எப்போதும் மாறிக்கொண்டிருப்பது. மண்சுவரும் அப்படியே. பழைய பகுதியின் சட்டகமும் அறைகளின் கிடப்பும்தான் தொடர்ந்து வருகிறவை. மாற்றமில்லாமல் உறைந்த வீடு என்று எவராவது விற்றால் நம்பாதீர்கள். முன்பு பார்த்தபடி, புகைபோக்கி, மாடி, உயர்ந்த பகுதி, தோட்டம் என்று ஒவ்வொரு தலைமுறையும் கைவைத்திருக்கிறது. என் அபிப்பிராயத்தில் அந்த ஒட்டுகள்தான் பார்க்க வேண்டியவை.

இந்த மாதிரி வீட்டை வாங்கிச் சிமென்ட் பூசி, ஏசி போட்டு இருந்துடலாமா?

சிமென்ட்டை மட்டும் தொடாதீர்கள். மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் பூசினால் மெல்லிய வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வர வழியிருக்காது, பக்கத்து ஓக் சட்டம் உள்ளுக்குள் உளுத்துப்போகும். 20ஆம் நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு பூசிய சிமென்ட்டைச் சுரண்டி எடுப்பதே இன்று பழைய வீட்டுப் பழுதுபார்ப்பில் பாதி வேலை. இருப்பதைச் செப்பனிடு, புதிதாக்காதே என்று 1877இல் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் முன்னின்று தொடங்கிய, பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கம் இன்றும் இதையே சொல்லிவருகிறது.

சட்டமும் விடாது. வரலாற்றுக் கட்டடங்களை முதல் தரம், இரண்டாம் தர நட்சத்திரம், இரண்டாம் தரம் என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ நான்கு லட்சம் பதிவுகளில் முதல் தரம் இரண்டரை சதவீதம்தான், ஷாட்டரி வீடு அதில் ஒன்று. பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையைக் கெடுக்கிற மாற்றத்தை அனுமதியின்றிச் செய்தால் குற்ற வழக்கு. காப்பீட்டுக்காரர்கள் வைக்கோல் கூரை என்றதும் முதலில் விறகு அடுப்பைப் பற்றித்தான் கேட்பார்கள், பல தீவிபத்துகள் புகைபோக்கியில்தான் தொடங்குகின்றன.

நுவரெலியாவிலயும் ஊட்டியிலயும் பார்க்கிற இங்கிலீஷ் காட்டேஜ் இதே வகைதானா?

தோற்றம் மட்டும். நுவரெலியா தபால் நிலையம் 1894இல் எழுந்த செங்கல் கட்டடம், ட்யூடர் சாயலில். மலைவாசத்தலங்களில் கோடுகோடாகக் கறுப்பு மரம் ஓடும் மற்ற வீடுகளிலும், சுவர்தான் பாரம் தாங்குகிறது, மரம் மேலே ஒட்டிய அலங்காரம். சந்தேகம் வந்தால் மூட்டைப் பாருங்கள்: துளையும் கழுந்தும் முளையும் தெரிந்தால் சட்டகம், ஆணித்தலை தெரிந்தால் ஒப்பனை.

மரச்சட்டம்னா கழட்டி வேற இடத்துல மாட்டிடலாமே?

முடியும். தச்சர் முதலில் செய்ததையே பின்னோக்கிச் செய்வதுதானே. பிரிக்கும் முன் ஒவ்வொரு மரத்துக்கும் புது எண் கொடுப்பார்கள், மண்சுவரும் கூரையும் போய்விடும், சட்டகம் பயணப்படும். பிராம்ஸ்குரோவ் அருகே 1967இல் திறந்த ஏவன்கிராஃப்ட் அருங்காட்சியகம் இப்படி இடிபட இருந்த கட்டடங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஷாட்டரியிலிருந்து கார் என்றால் ஒரு மணிக்குள் போய்விடலாம், கூட்டமும் குறைவு. கல் வீட்டையும் விடவில்லை: கார் முதலாளி ஹென்றி ஃபோர்ட் 1930 வாக்கில் காட்ஸ்வோல்டின் செட்வொர்த்தில் ஒரு காட்டேஜை வாங்கி, கல் கல்லாகப் பிரித்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். மிச்சிகனில் அவர் அமைத்த கிரீன்ஃபீல்ட் கிராமத்தில் அது இப்போதும் இருக்கிறது.